ஏடா, அச்சா? தமிழ்த் தாத்தாவின் தீர்ப்பு

புத்தகம் படிக்கும் வீடுகளில் இப்போது ஒரு வழக்கு நடக்கிறது.

மகன் கையில் கிண்டில் என்னும் சிறு பலகை இருக்கிறது. உள்ளங்கை அகலக் கருவிதான். ஆயிரக்கணக்கான நூல்கள் அதற்குள் அடங்கிவிடுகின்றன. தகப்பனார் பக்கம் ஓர் அலமாரி நிறையப் புத்தகங்கள். பாதி தூசி படிந்தவை, மீதி பூச்சி அரித்தவை. இவ்வளவும் எதற்கு, பழைய பேப்பர் கடையில் எடைக்குப் போட்டுவிடலாமே என்கிறான் மகன். தாளைப் புரட்டிப் படித்தால்தான் படித்த மாதிரி இருக்கும் என்கிறார் தகப்பனார்.

இருவர் பக்கமும் நியாயம் உண்டு. ஆனால் வழக்கு புதிதல்ல.

ஏறத்தாழ 140 ஆண்டுகளுக்கு முன்பு இதே வழக்கு தமிழ்நாட்டில் நடந்தது. அன்று பழையது பனை ஓலை. புதியது அச்சடித்த காகிதம். அந்த இரண்டுக்கும் நடுவில் நின்று, தம் ஆயுள் முழுவதையும் செலவிட்டவர் ஒருவர். அவர்தான் தமிழ்த் தாத்தா என்று நாம் அன்போடு அழைக்கும் மகாமகோபாத்தியாய டாக்டர் உ. வே. சாமிநாதையர்.

அவர் என்ன தீர்ப்புச் சொன்னார்? வாயால் ஒன்றும் சொல்லவில்லை. வாழ்ந்து காட்டினார்.

பாட்டுக்காரர் பிள்ளை

அன்றைய தஞ்சை மாவட்டத்தில் பாபநாசத்தை அடுத்த உத்தமதானபுரம் அவருடைய ஊர். 1855ஆம் ஆண்டு பிப்ரவரி 19ஆம் தேதி பிறந்தார். தகப்பனார் வேங்கடசுப்பையர் சங்கீதம் பாடியும் கதை சொல்லியும் பிழைத்தவர். ஜமீன்தார்கள், மிராசுதார்கள் ஆதரவில் ஊர் ஊராகச் செல்லும் வாழ்க்கை. வீட்டில் செல்வம் இல்லை.

மகனைச் சங்கீத வித்துவானாக்க வேண்டும் என்பது தகப்பனாரின் ஆசை. பிள்ளைக்கோ தமிழின் மேல் பைத்தியம். எந்த ஊரில் தமிழ் தெரிந்தவர் இருக்கிறார் என்று கேட்டு, அந்த ஊருக்கே குடும்பத்தோடு போய்த் தங்கினார்கள். அரியலூர், குன்னம், செங்கணம் என்று அந்தப் பட்டியல் நீளும்.

1871ஆம் ஆண்டில் மாயூரத்துக்கு வந்து, மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் மாணவராகச் சேர்ந்தார். வேங்கடராமன் என்ற இயற்பெயர் போய், சாமிநாதன் என்ற பெயர் நிலைத்தது அங்கேதான்.

குருவும் சீடரும் பெரும்பாலும் திருவாவடுதுறை ஆதீனத்தில் இருந்தார்கள். பிள்ளையவர்கள் பாட்டுச் சொல்வார். மாணவர்கள் எழுத்தாணியால் ஓலையில் எழுதுவார்கள். ஐயருடைய படிப்பு ஓலையில் வளர்ந்த படிப்பு. 1876ல் குரு காலமாகும் வரை அது நடந்தது.

ஓலையின் சங்கடம்

இந்தக் காலத்தவர்களுக்கு ஓலைச்சுவடி என்றால் பொருட்காட்சியில் பார்க்கும் பண்டம். ஆகவே அது எப்படி இருந்தது என்று கொஞ்சம் சொல்ல வேண்டும்.

பனை ஓலையைப் பதப்படுத்தி, ஒரே அளவாக நறுக்கி, எழுத்தாணியால் கீறி எழுதுவார்கள். துளையிட்டுக் கயிறு கோத்து, மேலும் கீழும் சட்டம் வைத்துக் கட்டுவார்கள். கீறிய எழுத்துத் தெரியவேண்டுமானால் மை தடவ வேண்டும்.

மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. எகரமும் ஏகாரமும் ஒரே வடிவம். ரகரமும் காலும் ஒன்றாகவே தோன்றும். செய்யுள் எங்கே முடிகிறது, உரை எங்கே ஆரம்பிக்கிறது என்பதும் தெரியாது. எல்லாம் ஒரே ஓட்டமாக ஓடும். படிப்பவர் விஷயம் தெரிந்தவராக இருந்தால்தான் பொருள் விளங்கும்.

இதைவிடப் பெரிய சங்கடம் ஒன்று உண்டு. நம் நாட்டு வெயிலிலும் ஈரத்திலும் பூச்சியிலும் ஓர் ஏடு சில நூறு ஆண்டு தாங்கினாலே அதிகம். அதற்குள் யாராவது அதைப் பார்த்துப் புதிய ஓலையில் பெயர்த்து எழுத வேண்டும். எழுதாவிட்டால் நூல் போயிற்று. சங்க நூல்கள் நம் கைக்கு வந்து சேர்ந்தன என்றால், ஒவ்வொரு தலைமுறையிலும் யாரோ ஒருவர் உட்கார்ந்து கை நோக எழுதினார் என்று பொருள்.

முன்சீப் கேட்ட கேள்வி

1880ஆம் ஆண்டு ஐயருக்குக் கும்பகோணம் அரசாங்கக் கல்லூரியில் தமிழாசிரியர் உத்தியோகம் கிடைத்தது. வயது 25. அதுவரை அந்தப் பதவியில் இருந்த தியாகராச செட்டியார்தான் சிபாரிசு செய்தவர். இனிமேல் கவலை இல்லை என்று எண்ணியிருக்கலாம்.

அதே ஆண்டு அக்டோபரில் சேலம் இராமசுவாமி முதலியார் என்பவரைச் சந்தித்தார். அவர் கும்பகோணத்துக்கு மாற்றலாகி வந்த முன்சீப். என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் விசாரித்தார். ஐயர் அந்தாதி, பிள்ளைத்தமிழ், உலா, கோவை, புராணம் என்று நீண்ட பட்டியல் ஒப்பித்தார். முதலியார் முகத்தில் வியப்பே இல்லை. இவற்றால் என்ன பயன் என்று கேட்டுவிட்டு, சீவக சிந்தாமணியும் மணிமேகலையும் படித்ததுண்டா என்று விசாரித்தார்.

ஐயர் படித்ததில்லை. புத்தகம் கிடைக்கவில்லை என்றார். முதலியார் தம்மிடம் இருந்த சிந்தாமணியின் கையெழுத்துப் பிரதியைக் கொடுத்துப் படிக்கச் சொன்னார்.

வாழ்க்கையின் திருப்பம் அதுதான். தமிழில் கரை கண்டதாக நினைத்திருந்தவருக்கு, இன்னொரு கடலே இருப்பது அன்று தெரிந்தது.

சிந்தாமணி 3,145 பாட்டுகள் கொண்ட பெரிய காவியம். சமண நூல். பல இடங்கள் விளங்கவில்லை. ஐயரோ சைவ மடத்தில் படித்தவர். கூச்சப்படாமல் கும்பகோணத்துச் சமணர் வீடுகளுக்குப் போய், அவர்களிடம் பாடம் கேட்டுத் தெளிந்தார்.

மடத்திலேயே இருந்த புதையல்

சிந்தாமணிக்கு நச்சினார்க்கினியர் எழுதிய உரையில் வேறு பல நூல்களிலிருந்து மேற்கோள்கள் வருகின்றன. எந்த நூல் என்ற பெயர் இல்லை. அந்த நூல்கள் எவை என்று தேடிய ஐயர், திருவாவடுதுறைக்கே சென்று குருவின் ஏட்டுக் கட்டுகளை அவிழ்த்துப் பார்த்தார்.

அங்கே இருந்தன எட்டுத்தொகை மூலங்களும் பத்துப்பாட்டுப் பகுதிகளும்! தாம் ஆண்டுக்கணக்கில் படித்த மடத்தில், கைக்கு எட்டும் தூரத்தில், சங்க நூல்கள் கட்டி வைத்தபடி கிடந்திருக்கின்றன. அவிழ்த்துப் பார்க்கத்தான் ஆள் இல்லை.

நூல் இருந்தால் மட்டும் போதாது. அது இருக்கிறது என்று நாலு பேருக்குத் தெரிய வேண்டும். ஓலை அதைச் செய்யாது. ஓர் ஓலைக்கட்டு ஓர் ஊரில்தான் இருக்கும். அச்சு அதைச் செய்யும். ஒரே தடவையில் நூற்றுக்கணக்கான பிரதிகள் எடுத்து நாடெங்கும் அனுப்பலாம். ஐயர் அச்சின் பக்கம் திரும்பியது இதனால்தான்.

அந்த வழியில் அவருக்கு முன்பே நடந்தவர் யாழ்ப்பாணத்துச் சி. வை. தாமோதரம் பிள்ளை. வீரசோழியம், கலித்தொகை முதலிய நூல்களை அச்சுக்குக் கொண்டுவந்த பெரியவர் அவர்.

நெய்யில் தோய்ந்த ஏடுகள்

ஏடு தேடிச் சென்ற கதையை ஐயர் தம் சுயசரிதையில் விரிவாக எழுதியிருக்கிறார். படித்தால் நெஞ்சு பதறும்.

இப்போது தென்காசி மாவட்டத்தில் உள்ள கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் பழைய பாண்டிய அரசர் ஒருவருடைய ஏடுகள் இருப்பதாகக் கேள்விப்பட்டு அங்கே போனார். கோயில் அதிகாரி சொன்ன பதில் இதுதான்: ஏடுகள் குப்பையாகக் கிடந்தன, பழுதான ஏடுகளை நெய்யில் தோய்த்து ஹோமத்தில் இட வேண்டும் என்று ஆகமம் சொல்கிறது, அப்படியே செய்துவிட்டார்கள்!

ஆடிப்பெருக்கில் ஏடுகளை ஆற்றில் விட்ட செய்திகளும் அவர் காதில் விழுந்தன.

செய்தவர்கள் கெட்டவர்கள் அல்லர். சிதைந்த ஏட்டைப் புதிதாகப் பெயர்த்து எழுதிவிட்டு, பழையதை மரியாதையாக நீரிலோ நெருப்பிலோ இடுவது முன்னோர் வழக்கம். நாளடைவில் பெயர்த்து எழுதும் வேலை நின்றுவிட்டது. நெருப்பில் இடும் சடங்கு மட்டும் மிஞ்சியது.

விடுபட்ட பூக்கள்

இத்தனைக்கும் நடுவில் மீட்டவை பல. ஆழ்வார்திருநகரியில் கவிராயர்கள் வீட்டில் பத்துப்பாட்டு ஏடு கிடைத்தது. அந்தப் பத்துப்பாட்டிலேயே ஒரு சிக்கல்.

குறிஞ்சிப்பாட்டில் கபிலர் 99 பூக்களின் பெயர்களை வரிசையாகச் சொல்கிறார். ஐயரிடம் இருந்த பிரதிகளில் அந்த வரிசையில் சில பெயர்கள் இல்லை. ஊகித்து எழுதி நிரப்பியிருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. மேலும் தேடினார். தருமபுரம் மடத்திலிருந்த ஏட்டில் விடுபட்ட பெயர்கள் கிடைத்தன.

ஒரு பிரதியில் போனது இன்னொரு பிரதியில் இருக்கும். ஆகவே எந்தப் பிரதியும் உபரி அல்ல. இந்தப் பாடத்தை அவர் கடைசி வரை மறக்கவில்லை.

அச்சுக்கூடத்தில்

ஏடுகளை ஒப்பிட்டு, காகிதத்தில் எழுதி, திருத்தி, மறுபடி எழுத வேண்டும். விடுமுறை வந்தால் சென்னைக்கு ரெயில் ஏற வேண்டும். அச்சுக்கூடத்தில் பாரம் பாரமாகப் புரூப் பார்க்க வேண்டும். காகிதத்துக்குப் பணம் வேண்டும். வாங்கப் போகிறவர்களிடம் முன்கூட்டியே கையொப்பம் வாங்கி, அந்தத் தொகையை நம்பித்தான் வேலை நடந்தது.

1887ல் சீவக சிந்தாமணி வெளிவந்தது. பிறகு நிற்கவில்லை. 1889ல் பத்துப்பாட்டு, 1892ல் சிலப்பதிகாரம், 1894ல் புறநானூறு, 1898ல் மணிமேகலை, 1903ல் ஐங்குறுநூறு, 1904ல் பதிற்றுப்பத்து, 1918ல் பரிபாடல், 1937ல் குறுந்தொகை. ஐம்பெருங்காப்பியங்களில் முழு நூலாக எஞ்சிய மூன்றும் அவர் பதிப்பில் வந்தன.

ஓலையில் இருந்ததை அப்படியே காகிதத்தில் ஏற்றியதோடு அவர் நிற்கவில்லை. பாட வேறுபாடுகளை அடிக்குறிப்பாகத் தந்தார். நூலாசிரியர் வரலாறு எழுதினார். அரும்பத அகராதி சேர்த்தார். ஏட்டில் ஒரு சொல்லைத் தேடினால் ஒரு நாள் ஆகும். அகராதி உள்ள புத்தகத்தில் ஒரு நிமிஷம் போதும். இன்று மின்நூலில் ஒரு சொல்லைத் தட்டினால் கண் இமைக்கும் நேரத்தில் வந்து நிற்கிறதே, அந்த வசதிக்காக அன்றே கையால் உழைத்தவர் அவர்.

1903ல் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாற்றலாயிற்று. 1906ல் மகாமகோபாத்தியாயப் பட்டம் வந்தது. அதைக் கேட்டு மகிழ்ந்து பாரதியார் வாழ்த்துப் பாட்டுப் பாடினார். 1919ல் ஓய்வு பெற்றார். 1932ல் சென்னைப் பல்கலைக்கழகம் டாக்டர் பட்டம் அளித்தது.

அச்சான பிறகு ஏடு எதற்கு?

நூல் அச்சாகிவிட்டது. அழகான எழுத்து, புள்ளி வைத்த மெய், பிரித்துக் கட்டிய அடிகள். இனி அந்த அழுக்குப் பிடித்த ஓலை எதற்கு? இப்படித்தான் பலர் நினைத்தார்கள். அச்சுப் புத்தகம் வந்த வீடுகளில் ஏடுகள் பரணுக்குப் போயின. பரணிலிருந்து குப்பைக்குப் போயின.

ஐயர் வீட்டில் அது நடக்கவில்லை. திருவல்லிக்கேணியில் அவர் குடியிருந்த வீட்டுக்குத் தியாகராச விலாசம் என்று பெயர். தமக்கு உத்தியோகம் தேடித் தந்தவரின் பெயர் அது. அந்த வீட்டில் அச்சிட்ட நூல்களும் இருந்தன. அவற்றுக்கு மூலமான ஏடுகளும் இருந்தன.

பலன் என்ன? சிந்தாமணியின் இரண்டாம் பதிப்பு 1907ல் வந்தது. முதல் பதிப்புக்குப் பிறகு கிடைத்த பிரதிகளையும் வைத்து ஒப்பிட்டுப் பல இடங்களைச் செப்பம் செய்தார். பழைய ஏடுகளை 1887லேயே தொலைத்திருந்தால், அச்சில் ஏறிய பிழைக்குச் சாட்சி சொல்ல ஆள் இருந்திருக்காது. பிழையே மூலமாகியிருக்கும்.

கிடைக்காமலே போனது

இவ்வளவு காத்தவர் கையிலிருந்தும் ஒன்று நழுவியது.

ஐம்பெருங்காப்பியங்களில் ஒன்றான வளையாபதியின் ஏட்டை, குரு இருந்த காலத்தில் திருவாவடுதுறை மடத்தில் பார்த்ததாக ஐயரே எழுதியிருக்கிறார். அப்போது அதன் அருமை தெரியாத வயது. பிற்காலத்தில் அதை அச்சிட வேண்டும் என்று தேடியபோது ஏடு அங்கே இல்லை. வேறெங்கும் கிடைக்கவும் இல்லை. வளையாபதி இன்று சில பாட்டுகளாகவே நம்மிடம் இருக்கிறது.

புறநானூற்றில் 267, 268ஆம் பாட்டுகள் இல்லை. பதிற்றுப்பத்தில் முதல் பத்தும் பத்தாம் பத்தும் இல்லை. எழுபது பரிபாடல்களில் முழுமையாகக் கிடைத்தவை 22தான். இவை எந்த ஆற்றில் போயின, எந்த ஹோமத்தில் வெந்தன என்று யாருக்கும் தெரியாது.

கடைசி நாட்கள்

1940ல் ஆனந்த விகடனில் தம் வாழ்க்கை வரலாற்றை எழுதத் தொடங்கினார். அது முடியவில்லை. 1942ல் ஜப்பானியர் குண்டு போடுவார்கள் என்று சென்னை நகரமே காலியாயிற்று. 87 வயதுக் கிழவரான ஐயரும் திருக்கழுக்குன்றத்துக்குப் போனார். ஏப்ரல் 28ஆம் தேதி அங்கேயே காலமானார்.

மறு ஆண்டு, 1943ல், ருக்மிணிதேவி அருண்டேலின் முயற்சியால் அவர் பெயரில் நூல் நிலையம் ஏற்பட்டது. ஐயர் சேர்த்த ஏடுகளும் புத்தகங்களும் அங்கே சேர்ந்தன. சென்னை பெசன்ட் நகரில் இன்றும் அது இருக்கிறது. திருவல்லிக்கேணி வீடு 2012ல் இடிக்கப்பட்டுவிட்டது. வீடு போனாலும் ஏடு இருக்கிறது.

இப்போது நம் வழக்கு

முதலில் சொன்ன தகப்பனாரும் மகனும் இனி ஐயர் பக்கம் பார்க்கட்டும்.

மின்நூலை வெறுப்பவர்கள் ஒன்றை நினைக்க வேண்டும். 1998ல் தொடங்கிய மதுரைத் திட்டம், தன்னார்வலர்கள் உழைப்பால், பழந்தமிழ் நூல்களைக் காசில்லாமல் இணையத்தில் தருகிறது. கனடாவில் இருக்கும் பிள்ளையும் மலேயாவில் இருக்கும் பிள்ளையும் நினைத்த நேரத்தில் புறநானூறு படிக்கிறார்கள். கண் மங்கிய பெரியவர் எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்கிறார். ஐயர் இன்று இருந்தால் இதை வேண்டாம் என்பாரா? ஓலையிலிருந்து காகிதத்துக்கு வந்தவர், காகிதத்திலிருந்து திரைக்கும் வந்திருப்பார்.

அச்சுப் புத்தகத்தை எடைக்குப் போடத் துடிப்பவர்களும் ஒன்றை நினைக்க வேண்டும். 2009 ஜூலையில் அமெரிக்காவில், ஜார்ஜ் ஆர்வெல் எழுதிய நாவல் வாசகர்களின் கிண்டில்களிலிருந்து திடீரென்று மறைந்தது. அதை விற்றவருக்கு உரிமை இல்லை என்று, அமேசான் நிறுவனம் தொலைவிலிருந்தே அழித்துவிட்டது. பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். பிறகு மன்னிப்பும் கேட்டார்கள். ஆனால் அலமாரியில் இருக்கும் புத்தகத்தை இப்படி யாரும் வந்து எடுத்துப் போக முடியாது.

இன்னொன்றும் உண்டு. 1990களில் கணினியில் தட்டெழுதிய தமிழ்க் கோப்புகள் பல, அந்தந்த எழுத்துருவை நம்பியவை. எழுத்துரு போனதும் இன்று திறந்தால் கண்ட கண்ட குறிகளாக நிற்கின்றன. மதுரைத் திட்டத்தாரே முதலில் ஒரு முறையில் ஏற்றிய நூல்களைப் பிறகு யூனிகோடுக்கு மாற்ற வேண்டியிருந்தது. அந்தக் காலத்தில் ஏட்டைப் பெயர்த்து எழுதினார்களே, அதே வேலைதான். செய்யாவிட்டால் மின்நூலும் ஓலை போலத்தான் போகும்.

ஆகவே மகன் கிண்டில் வாங்கட்டும். தகப்பனார் அதில் படிக்கக் கற்றுக்கொள்ளட்டும். அலமாரியைக் காலி செய்யும் நாள் வந்தால், எடைக்காரரைக் கூப்பிடுவதற்கு முன் ஒவ்வொரு புத்தகத்தையும் கையில் எடுத்துப் பார்க்கட்டும். மறுபதிப்பு வராத நூல், ஊர்ப் பெரியவர் எழுதிய சிறு நூல், பாட்டனார் குறிப்பெழுதிய பிரதி ஆகியவை எந்த மின்கடையிலும் இல்லாமல் இருக்கலாம். இடமில்லை என்றால் நூலகத்துக்குக் கொடுக்கலாம்.

வளையாபதியை ஒரு மாணவர் கண்ணால் பார்த்தார். அவர் திரும்பி வந்து தேடியபோது அது இல்லை. நம் வீட்டு அலமாரியில் இருப்பது என்ன என்று இந்த ஞாயிற்றுக்கிழமையே பார்த்துவிடுவது நல்லது.